இரண்டு பூட்டுகள், ஒரு சபை... லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவின் கதை!

நம் ஊர்ச் சந்துகளில் நடந்தால் அந்த போர்டு கண்ணில் படாமல் போகாது. 'பெந்தெகொஸ்தே சபை, ஞாயிறு ஆராதனை காலை 9 மணி, அனைவரும் வருக.' ஷீட் போட்ட கூரை, வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகள். கோபுரம் கிடையாது, மணிக்கூண்டு கிடையாது. ஆனால், உள்ளே கைதட்டல் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இப்படிப்பட்ட சபைகளின் பூர்விகத்தைத் தேடிப்போனால், வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலானோர் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் முகவரி ஒன்று இருக்கிறது. 312, அசூசா தெரு, லாஸ் ஏஞ்சலிஸ், அமெரிக்கா. இந்த வாரம் அந்த ஒரே ஒரு சபையின் கதை. அதைப் பூட்டுகளின் கதை என்றும் சொல்லலாம்.

கதவுக்கு வெளியே ஒரு மாணவர்

வில்லியம் ஜோசப் சீமோர், 1870 மே 2-ம் தேதி அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில் சென்டர்வில் என்ற ஊரில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். பிழைப்பு தேடி வடக்கே போன சீமோர், ஹோட்டல்களில் சர்வராக வேலை பார்த்தார். இடையில் பெரியம்மை தாக்கியது. உயிர் தப்பியது, ஒரு கண் போனது.

1905-ல் டெக்சாஸ் மாகாணத்தின் ஹூஸ்டன் நகரத்துக்கு வந்தார். அங்கே லூசி ஃபாரோ என்ற கறுப்பினப் பெண் ஊழியரின் பழக்கம் கிடைத்தது. அவர் மூலமாக சார்ல்ஸ் பர்ஹாம் என்ற வெள்ளைக்காரப் போதகர் அந்த ஊரில் நடத்திய வேதாகமப் பள்ளியைப் பற்றித் தெரிந்துகொண்டார். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்றதற்கு அடையாளம் அந்நிய பாஷை பேசுவதுதான் என்பது பர்ஹாமின் போதனை.

சீமோருக்கு அதைக் கற்க ஆசை. ஆனால், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பறையில் உட்காரக் கூடாது என்பது அன்றைய டெக்சாஸ் சட்டம். பர்ஹாம் ஒரு வழி கண்டுபிடித்தார். சீமோர் அறைக்கு வெளியே உட்கார்ந்துகொள்ளட்டும், கதவு திறந்திருக்கட்டும், பாடம் காதில் விழட்டும்!

அப்படித்தான் படித்தார் சீமோர். 'வெளியே உட்கார்' என்பதன் அர்த்தத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் பூட்டு

லாஸ் ஏஞ்சலிஸில் ஜூலியா ஹட்சின்ஸ் என்ற பெண்மணி ஒரு சிறிய கறுப்பினச் சபையை நடத்திவந்தார். அங்கிருந்து ஹூஸ்டனுக்கு வந்திருந்த நீலி டெர்ரி என்ற பெண், சீமோரின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு ஊரில் போய்ச் சொல்ல, பாஸ்டராக வரும்படி அழைப்பு வந்தது. 1906 பிப்ரவரி 22-ம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சேர்ந்தார் சீமோர்.

வந்ததும் பர்ஹாமிடம் கேட்ட அந்நிய பாஷை போதனையையே பிரசங்கித்தார். அந்த அனுபவத்தை அப்போது சீமோரே பெற்றிருக்கவில்லை. ஹட்சின்ஸுக்கு இந்தப் போதனையில் உடன்பாடு இல்லை. சில நாள்களில் ஆராதனைக்கு வந்த சீமோரைச் சபைக் கதவில் தொங்கிய பூட்டு வரவேற்றது. கையில் ஊருக்குத் திரும்பிப் போகக்கூடப் பணம் இல்லை.

எட்வர்ட் லீ என்ற துப்புரவுத் தொழிலாளி தன் வீட்டில் இடம் கொடுத்தார். அங்கே தொடங்கிய ஜெபக்கூட்டம், கூட்டம் சேர்ந்ததும் நார்த் பானி பிரே தெருவில் ஆஸ்பெரி தம்பதியின் வீட்டுக்கு மாறியது. வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலை செய்பவர்கள், துணி வெளுப்பவர்கள், கூலித் தொழிலாளர்கள்.

1906 ஏப்ரல் 9-ம் தேதி இரவு, முதலில் லீயும் பிறகு மற்றவர்களும் அந்நிய பாஷையில் பேசத் தொடங்கினார்கள். எதிர்வீட்டில் குடியிருந்த ஜென்னி எவான்ஸ் மூர் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். பியானோ கற்றுக்கொள்ளாத தான் அன்று பியானோ வாசித்ததாக அவர் சாட்சி சொன்னார். ஜென்னி என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை எட்டு டாலர்

செய்தி பரவியது. ஆட்கள் ஏறி ஏறி அந்த வீட்டின் முன் திண்ணை உடைந்தே போனது என்று சொல்வார்கள். பெரிய இடம் தேவைப்பட்டது. அசூசா தெருவில் ஒரு பழைய மரக் கட்டடம் கிடைத்தது. ஒரு காலத்தில் கறுப்பின மெதடிஸ்ட் சபையின் ஆலயம். பிறகு குதிரை லாயம், சாமான் போடும் இடம். 60 அடி நீளம், 40 அடி அகலம். மாதம் 8 டாலர் வாடகை.

சுத்தம் செய்து, தரையில் மரத்தூளைப் பரப்பினார்கள். ஆணி வரும் மரப் பீப்பாய்களை நிறுத்தி, மேலே பலகையைப் போட்டால் பெஞ்ச் தயார். இரண்டு மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பிரசங்க பீடம். பல நேரம் சீமோர் பிரசங்கமே செய்யாமல், அந்தப் பெட்டிக்குள் தலையைப் புதைத்து ஜெபித்துக்கொண்டிருப்பாராம். காணிக்கைத் தட்டு சுற்றவிடவில்லை. ஒரு பெட்டி இருந்தது, விருப்பமுள்ளவர்கள் போடலாம். தினமும் மூன்று கூட்டங்கள், வாரத்துக்கு ஏழு நாள்கள். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளுக்கு இப்படியே நடந்தது.

ஏப்ரல் 18-ம் தேதி 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நாளிதழ் இந்தச் சபையைக் கேலிசெய்து செய்தி போட்டது. அதே நாள் அதிகாலை, வடக்கே சுமார் 560 கி.மீ. தொலைவில் சான் ஃபிரான்சிஸ்கோவை பூகம்பம் தரைமட்டமாக்கியது. உலகம் முடியப்போகிறதோ என்ற பயமும், கேலிச் செய்தி கிளப்பிய ஆர்வமும் சேர்ந்து கூட்டத்தை இன்னும் கூட்டின.

ஆனால், அந்த நகரத்துக்கு உண்மையான அதிர்ச்சி அந்நிய பாஷை மட்டுமல்ல. உள்ளே இருந்த உட்காரும் முறைதான்! கறுப்பர், வெள்ளையர், மெக்ஸிகோக்காரர், ஆசியர் எல்லோரும் ஒரே பெஞ்சில். கறுப்பர்கள் கைவைத்து ஜெபிக்க, வெள்ளைக்காரர்கள் மண்டியிட்டார்கள். சபையின் பொறுப்பாளர் குழுவிலும் இரு இனத்தாரும் இருந்தார்கள், ஆணும் பெண்ணும் இருந்தார்கள். கறுப்பர்களைக் கும்பல்கள் அடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில் இது நடந்தது.

1906 அக்டோபரில் பர்ஹாம் வந்து பார்த்தார். தன் மாணவரின் சபையைப் பார்த்து அவர் மகிழவில்லை. ஆராதனையின் ஆரவாரமும், இரு இனத்தாரும் ஒட்டி உறவாடியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிரசங்க பீடத்தில் நின்றே கண்டித்தார். பொறுப்பாளர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். மாணவரைக் கதவுக்கு வெளியே உட்காரவைத்தவர், அந்த மாணவரின் சபையிலிருந்து வெளியே போனார்.

கல்கத்தாவுக்கு வந்த தம்பதி

அசூசாவில் அபிஷேகம் பெற்ற ஆல்ஃபிரட் கார், லில்லியன் கார் தம்பதி 1907-ன் தொடக்கத்திலேயே கல்கத்தாவில் ஊழியம் செய்துகொண்டிருந்தார்கள். தனக்கு வங்காள மொழி வரமாகக் கிடைத்துவிட்டது என்று ஆல்ஃபிரட் நம்பினார். கல்கத்தாவில் பேசிப் பார்த்தால், ஒருவருக்கும் புரியவில்லை! ஆனாலும் அவர்கள் மூட்டை கட்டவில்லை. கூட்டங்கள் நடத்தினார்கள். அந்நிய பாஷை என்பது மொழி கற்காமல் ஊழியம் செய்ய உதவும் குறுக்குவழி அல்ல என்ற பாடம் அந்த இயக்கத்துக்கு இப்படித்தான் புரியத் தொடங்கியது.

அதற்காக, எல்லாமே அமெரிக்காவிலிருந்து வந்ததுதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். புனே அருகே கேட்காவ்ன் என்ற ஊரில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனில் 1905-லேயே எழுப்புதல் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னால், 1860-ல் நம் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் நடத்திய எழுப்புதலில் அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் நிகழ்ந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. அசூசாவுக்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே!

காணாமல்போன முகவரிப் பட்டியல்

அசூசா சபையின் பெயர் உலகம் முழுக்கப் போனதற்குக் காரணம், 1906 செப்டம்பரில் அவர்கள் தொடங்கிய 'அப்போஸ்தலிக் ஃபெய்த்' என்ற பத்திரிகை. இலவசம். முதல் இதழ் 5,000 பிரதிகள். உச்சத்தில் 40,000-த்தையும் தாண்டியது. அந்தக் காலத்து வைரல்!

1908 மே மாதம் சீமோரும் ஜென்னியும் திருமணம் செய்துகொண்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், பத்திரிகையைக் கவனித்துவந்த கிளாரா லம் என்பவர் ஓரிகன் மாகாணத்தின் போர்ட்லேண்ட் நகருக்கு இடம்பெயர்ந்தார். அசூசாவின் முன்னாள் ஊழியரான ஃப்ளாரன்ஸ் கிராஃபோர்ட் அங்கே தனியாகச் சபை நடத்திக்கொண்டிருந்தார். கிளாராவோடு வெளியூர், வெளிநாட்டு வாசகர்களின் முகவரிப் பட்டியலும் போர்ட்லேண்டுக்குப் போய்விட்டது. திருமணத்தின் மீதான அதிருப்தியே காரணம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. பத்திரிகை போர்ட்லேண்டிலிருந்து வெளிவரத் தொடங்கியது.

இன்றைய பாஷையில் சொன்னால், சபையின் யூடியூப் சேனலும் வாட்ஸ்அப் குழுவும் பாஸ்வேர்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. சீமோரிடம் பிரசங்க பீடம் இருந்தது. ஆனால், அவர் குரல் இனி அந்தத் தெருவைத் தாண்டாது.

இரண்டாவது பூட்டு

1911-ல் சீமோர் ஊழியப் பயணமாக வெளியூர் போயிருந்தார். அப்போது சிகாகோவிலிருந்து வந்த வில்லியம் டர்ஹாம் என்ற வெள்ளைக்காரப் பிரசங்கியார் அசூசாவில் பேச ஆரம்பித்தார். காலியாகக் கிடந்த பெஞ்சுகள் மறுபடி நிரம்பின. ஆனால், அவருடைய போதனை வேறு. மனம் திரும்பிய பிறகு, பரிசுத்தமாகுதல் என்பது இரண்டாவதாக ஒரு தனி அனுபவமாகக் கிடைக்கும் என்பது சீமோரின் நம்பிக்கை. அப்படித் தனிப் படி கிடையாது, சிலுவையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார் டர்ஹாம்.

தகவல் தெரிந்து சீமோர் அவசரமாகத் திரும்பினார். பேச்சுவார்த்தை நடந்தது, பலனில்லை. 1911 மே மாதம் அசூசா சபையின் கதவில் பூட்டு தொங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், போதனை பிடிக்கவில்லை என்று பூட்டிய கதவின் முன் நின்றவர் சீமோர். இப்போது அதே காரணத்துக்காகப் பூட்டியவர் சீமோர்!

டர்ஹாம் வேறு இடத்தில் கூட்டம் போட்டார். மக்கள் அவர் பின்னால் போனார்கள். அசூசாவில் மிஞ்சியது ஒரு சிறு கூட்டம், பெரும்பாலும் கறுப்பர்கள். வெளியிலும் காற்று மாறிவிட்டது. 1914-ல் உருவான 'அசெம்ப்ளீஸ் ஆஃப் காட்' உட்பட, பெந்தெகொஸ்தே அமைப்புகள் பெருமளவுக்கு இனவாரியாகவே பிரிந்து நின்றன.

1915-ல் சீமோர் தன் சபைக்கான சட்டதிட்டங்களை வெளியிட்டார். அதில் ஒரு விதி படிப்பவரை நிறுத்திவிடும். சபையின் உயர் பொறுப்புகள் கறுப்பினத்தாருக்கு மட்டுமே. வெள்ளையர் உறுப்பினராகலாம், அவர்களை நேசிக்க வேண்டும். ஆனால், தலைமை அவர்களுக்கு இல்லை. இனச் சண்டையைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்று விளக்கமும் கொடுத்தார். எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தவரை இந்த இடத்துக்குக் கொண்டுவர ஒன்பது ஆண்டுகள் போதுமானதாக இருந்தது.

1922 செப்டம்பர் 28-ம் தேதி மாரடைப்பால் இறந்தார் சீமோர். வயது 52.

கடைசி பாஸ்டர்

பல புத்தகங்களில் அசூசாவின் கதை இங்கே முடிந்துவிடும். சபை முடியவில்லை. பாஸ்டர் பொறுப்பை ஜென்னி ஏற்றார். கணவர் வெளியூர் போன நாள்களிலேயே ஆராதனை நடத்திப் பழகியவர். கூட்டம் இல்லை, பத்திரிகை இல்லை, பணமும் இல்லை. ஆனாலும் கதவைத் திறந்துவைத்தார். ஆண்டுகள் கழித்து வெளியிலிருந்து வந்த ஒருவர் தலைமைக்கு உரிமை கொண்டாட, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

1931-ல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. ஜென்னியும் மிச்சமிருந்த விசுவாசிகளும் எங்கே போனார்கள் தெரியுமா? எல்லாம் ஆரம்பித்த அதே பானி பிரே தெரு வீட்டுக்கு! அங்கே ஜெபக்கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1936-ல் ஜென்னி இறந்தார். பிறகு அசூசா தெரு நிலமும் கடனில் கைவிட்டுப் போனது.

இன்று அந்த இடம் 'லிட்டில் டோக்கியோ' பகுதியில் ஜப்பானிய அமெரிக்கப் பண்பாட்டு மையத்தின் வளாகத்தை ஒட்டி இருக்கிறது. அசூசா தெரு ஒரு சிறிய சந்தாகச் சுருங்கிவிட்டது. நினைவுப் பலகைதான் மிச்சம். பானி பிரே வீடு மட்டும் பாதுகாக்கப்பட்டு, பார்வையாளர்கள் வந்துபோகிறார்கள்.

'பியூ' ஆய்வு மையத்தின் 2011-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் பெந்தெகொஸ்தே மற்றும் அதையொத்த கரிஸ்மாட்டிக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து சுமார் 58 கோடி பேர். அவர்களில் எத்தனை பேருக்கு ஜென்னியின் பெயர் தெரியும்?

சபை வரலாறு எழுதும்போது கூட்டம் நிரம்பி வழிந்த ஆண்டுகளைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். பத்துப் பேர் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் விளக்கைப் போட்டு, பெஞ்சைத் துடைத்து, கதவைத் திறந்தவர்களுக்கு அதில் ஒரு வரிகூட மிஞ்சுவதில்லை. உங்கள் ஊர்ச் சபைக்கும், ஏன், உங்கள் ஊர்க் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும்கூட அப்படி ஒருவர் இருந்திருப்பார். விவரம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள் என்றால், இந்த ஞாயிறே கேட்டு எழுதிவைத்துவிடுங்கள்.