மரை கழன்ற கதை

மாமனார் வண்டியை இரவல் வாங்கும் மாப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: வாங்காதீர்கள். வாங்கினால் பானெட்டைத் திறக்காதீர்கள்.

ஊட்டியில் டிசம்பர் காலை. புல்லெல்லாம் உறைபனி. கோவைக்குக் கல்யாணத்துக்குப் போன மாமனார் விட்டுச் சென்ற பழைய டீசல் ஜீப், இரண்டு முறை முனகிவிட்டுப் படுத்துவிட்டது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் ப்ளக் கிடையாது. காற்றை அமுக்கி அமுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். குளிரில் அது போதாது. அதற்காக சிலிண்டருக்கு ஒன்றாக, பென்சில் போல ஒரு ஹீட்டர் ப்ளக். படித்தவர்கள் 'க்ளோ ப்ளக்' என்பார்கள். சாவியைத் திருப்பினால் நுனி சிவக்கும்.

மல்ட்டிமீட்டரில் பார்த்தேன். முதல் ப்ளக் காலி.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி. பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படித்தவனிடம் சொல்கிற பேச்சா இது? நீளமான ஸ்பேனரை மாட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழு.

'டிக்'.

ஸ்பேனர் சுலபமாகச் சுற்றியது. "வந்துடுச்சு!" என்று கத்தினேன். வந்தது தலை மட்டும். முண்டம் இன்ஜின் ஹெட்டுக்குள்ளேயே!

"இந்த வண்டியில ஒரு ஸ்க்ரூகூட நான் ஒடச்சதில்லே மாப்ளே" என்று சொல்லித்தான் சாவியே கொடுத்திருந்தார். மறுநாள் சாயந்திரம் வருகிறார். ஹெட்டை இறக்கினால் பாதிச் சம்பளம் போகும். மானம் முழுசாகப் போகும்.

ஆபீசுக்கு வயிற்று வலி என்று லீவ் சொன்னேன். பொய்யில்லை, நிஜமாகவே வலித்தது.

மெக்கானிக் பாய் வந்து குனிந்து பார்த்தார். "ஜில்லுனு இருந்த இன்ஜின்லயா சார் கை வெச்சீங்க?"

தலையாட்டினேன்.

"நுனியில கரி கட்டிப் பிடிச்சிருக்கும். ராத்திரியே ஆயில் விட்டு ஊற வெக்கணும். தள்ளி ஸ்டார்ட் பண்ணியாவது சூடாக்கணும். அப்புறம் கால் சுத்து லூஸ் பண்ணி, பிடிச்சா திருப்பி உள்ளே விடணும். மேனேஜர்கிட்ட லீவு கேக்கற மாதிரி சார், இழுத்தா வராது."

ட்ரில் பிட்டில் கிரீஸ் தடவினார். பிசிறு அதில் ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு துண்டு உள்ளே விழுந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. நடுவில் சின்ன ஓட்டை, பிறகு கொஞ்சம் பெரிது, பிறகு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் பிட்டைத் துடைத்து, மறுபடி கிரீஸ். ஹெட்டின் மரையில் கீறல் படாமல், ப்ளக்கின் மரை மட்டும் காகிதமாக மெலிந்து வந்தது. மிஞ்சிய தண்டுக்குள் டேப் விட்டு மரை வெட்டி, போல்ட்டைத் திருகி, மெதுவாக மேலே இழுத்தார்.

நாலரை மணி நேரம். கரி பிடித்த துண்டைப் பல் டாக்டர் மாதிரி தூக்கிக் காட்டினார்.

டீசலை நிறுத்திவிட்டு, ஓட்டை திறந்தபடியே ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டார். உள்ளே இருந்த தூள் 'புஸ்'ஸென்று வெளியே வந்தது. புது ப்ளக்கை விரலாலேயே திருகி, கடைசியில்தான் ஸ்பேனரை எடுத்தார். அதுவும் கொஞ்சமே கொஞ்சம்.

பிறகு சிரித்தார். "மூணாவது ப்ளக்கைப் பாருங்க சார். தனியா புஷ் போட்டு மரை வெட்டியிருக்கா? எட்டு வருஷம் முன்னால இதே மாதிரி ஒடஞ்சுது. நான்தான் சரி பண்ணேன்."

"யார் ஒடச்சது?"

"அவரு சொல்லக் கூடாதுன்னாரு சார்."

மறுநாள் மாமனார் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டி எப்படி இருக்கு மாப்ளே?"

"உங்க கையில இருந்த மாதிரியே இருக்கு மாமா!"