மண்பாண்டமும் மென்பொருளும்



எரேமியா 32ஆம் அதிகாரத்தில் ஒரு நிலப்பத்திரம் எழுதப்படுகிறது. பாபிலோனின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. தீர்க்கதரிசியோ காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நாளில்தான் ஆனதோத்தில் இருந்த நிலத்தைத் தம் உறவினனிடமிருந்து பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். பத்திரம் இரண்டு பிரதிகளாக ஆயத்தமாகிறது. ஒன்று முத்திரையிடப்பட்டது, மற்றொன்று திறந்தது. இரண்டையும் ஒரு மண்பாண்டத்தில் வைக்கும்படி பாருக்குக்குச் சொல்லப்படுகிறது. அவை நெடுங்காலம் கெடாமல் இருக்கவேண்டும் என்பதே காரணம். இப்பகுதியிலிருந்து விசுவாசத்தைக் குறித்து அநேக பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். இம்மாதம் அந்த மண்பாண்டத்தைச் சற்று தியானிப்போம்.

அதன் அருமை மும்பைத் தமிழர்களாகிய நமக்கு நன்றாய்த் தெரியும். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியபின், எத்தனையோ வீடுகளில் பழைய தகரப்பெட்டிகள் திறக்கப்பட்டன. 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னரே இங்கே குடியிருந்தோம் என்று காட்டும் ஒரு துண்டுக் காகிதத்தின் மதிப்பை அப்போது பலர் கண்டுகொண்டார்கள். குடும்பத்துக்காவது பழைய மின்கட்டண ரசீது இருக்கிறது. ஊரைவிட்டு ரயிலேறி வந்து, தோல் பதனிடும் இடங்களில் உழைத்து, ஒற்றை அறையில் ஜெபக்கூட்டம் தொடங்கிய நம் மூத்த விசுவாசிகளின் சாட்சிக்கு என்ன ரசீது இருக்கிறது?

எங்கள் சபையின் வெள்ளிவிழா மலர் 2001இல் வெளிவந்தது. மூத்தோரின் சாட்சிகள், ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர்கள், முதல் ஆராதனை நடந்த வீட்டின் வரலாறு யாவும் அதில் இருந்தன. 2005 ஜூலை 26ஆம் தேதியை நம்மில் யார் மறப்பார்? சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நாள் அது. அந்த வெள்ளத்தில் மலரின் பிரதிகள் ஊறிப்போயின. தட்டச்சு செய்த டி.டி.பி. கடையார் கொடுத்த குறுந்தகடு மாத்திரம் மிஞ்சியது. பொன்விழாவுக்கான ஆயத்தத்தில் அதைக் கணினியில் திறந்தபோது திரையில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பொருளற்று வரிசையாய் நின்றன.

எங்கள் சபையில் மென்பொருள் எழுதும் வாலிபச் சகோதரர் ஒருவர் உண்டு. மாட்டுங்கா லேபர் கேம்பில் பிறந்தவர். இப்போது செம்பூரில் குடியிருக்கிறார். ஆராதனைக்குப்பின் தேநீர் அருந்தும் வேளையில் கைபேசியைப் பற்றியோ செயலியைப் பற்றியோ எதைக் கேட்டாலும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் தயாராய் இருக்கும். குறுந்தகட்டைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். “ஐயா, கோப்பு கெட்டுப்போகவில்லை. வேஷம் கலைந்திருக்கிறது, அவ்வளவுதான்” என்றார்.

அவர் விளக்கியது இது. கணினிக்கு எழுத்து தெரியாது; எண் மாத்திரமே தெரியும். அக்காலத்து எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மேல் தமிழ் எழுத்தின் படம் வரையப்பட்டிருந்தது. பாமினி என்னும் எழுத்துருவில் “அம்மா” என்று வாசிக்கிறோம். உள்ளே இருப்பவையோ எம், கே, அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை அது தமிழாய்த் தோன்றும். எழுத்துரு நீங்கினால் உள்ளே இருந்தது வெளிப்படும். தேவபக்தியின் வேஷம் உண்டு, பெலனோ இல்லை என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எச்சரித்த மனிதர்கள் என் நினைவுக்கு வந்தார்கள் (2 தீமோத்தேயு 3:5).

இக்குழப்பத்துக்கு முடிவு யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீடு. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் “அ” என்னும் எழுத்துக்கு 2949 என்ற எண் உரியது. எந்த நிறுவனத்தின் கைபேசியிலும், எந்தத் தேசத்துக் கணினியிலும் அந்த எண் “அ”வையே குறிக்கும். ஆயினும் கடைகளும் அலுவலகங்களும் பழைய எழுத்துருக்களை உடனே விட்டுவிடவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுத்தரம் தேடினார்கள். 2010இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டச்சு செய்யப்பட்ட பாட்டுப் புத்தகங்களும் விழா மலர்களும் எத்தனை சபைகளின் அலமாரிகளில் வாசிக்க இயலாமல் கிடக்கின்றனவோ!

ஒரு காரியத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714-15ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். எழுத்தின் வடிவம் பிற்காலத்தில் சற்று மாறியபோதிலும், தமிழ் கற்றவர் முயன்றால் அதை இன்றும் வாசிக்கலாம். முந்நூறு ஆண்டு கடந்த காகிதம் பேசுகிறது. கால் நூற்றாண்டைத் தாண்டாத குறுந்தகடு ஊமையாயிற்று.

அச்சகோதரரின் மற்ற அபிப்பிராயங்களும் இதே வேரிலிருந்து வருகிறவை. புதிய கைபேசி வந்தவுடன் வாங்கத் துடிக்கும் வாலிபரிடம், “பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்துகொண்டிருக்கும்வரை பழையதே போதும், தம்பி” என்பார். வாட்ஸ்அப் அவருக்கு தபால்காரர். அதைக் களஞ்சியமாக்கக்கூடாது என்பார். சபையின் புகைப்படங்களையும் கணக்குகளையும் ஒரே ஒருவரின் கைபேசியில் விட்டுவைத்தால், அது லோக்கல் ரயிலில் தொலையும் நாளில் சபையின் நினைவும் தொலையும் அல்லவா? எந்த மென்பொருளானாலும் அவர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: “உள்ளே வைத்ததை வேறோர் இடத்துக்கு எடுத்துச்செல்ல இது வழி விடுமா?” வழி விடாவிட்டால், எவ்வளவு அழகாய் இருந்தாலும், இலவசமாகவே கிடைத்தாலும் அவர் அதைத் தொடுவதில்லை.

அவருடைய ஓர் அபிப்பிராயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. கணினியே தொழிலாயிருக்கிற அவர் காகிதத்தை மிகவும் மதிக்கிறார். “ஞானஸ்நானப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிவிட்டோம் என்று புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள், ஐயா. வெள்ளம் வந்தால் கணினிப் பிரதி காக்கும். கணினி மாறினால் காகிதம் காக்கும். இரண்டும் வேண்டும், அவை ஒரே அறையில் இருக்கவும் கூடாது” என்றார். பாருக்கின் கையிலும் இரண்டு பிரதிகள் இருந்தன. முத்திரையிட்டதை எவரும் மாற்ற இயலாது. திறந்ததை எவரும் வாசிக்கலாம்.

“பாஸ்டர், ஆவிக்குரிய காரியங்களை விட்டு இதற்கேன் இவ்வளவு பக்கம்?” என்று சிலர் கேட்கலாம். கர்த்தருடைய வசனம் என்றென்றும் நிற்கும். கணினியின் தயவு அதற்குத் தேவையில்லை. ஆனால் நம் சாட்சி அப்படியல்ல. பின்வரும் சந்ததி வாசித்துக் கர்த்தரைத் துதிக்கும்படி அவருடைய செயல்கள் எழுதிவைக்கப்பட வேண்டும் என்பதே 102ஆம் சங்கீதக்காரனின் கருத்து (சங்கீதம் 102:18). பட்டினியிலும் கலவரத்திலும் கர்த்தர் எப்படி நடத்தினார் என்பதை அறிந்த தாய்மார் ஒவ்வொருவராய்ப் பரம வீட்டுக்குச் செல்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கற்று, தமிழைப் பேச மாத்திரம் அறிந்திருக்கிறார்கள். இடையில் பாலம் இல்லாவிட்டால், நாற்பது வருட வனாந்தரப் பயணத்தின் கதை ஒரே தலைமுறையில் மறைந்துபோகும்.

ஆகையால் ஒவ்வொரு சபையும் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, பழைய குறுந்தகடுகளை எறியாதிருங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் அக்கோப்புகளை யூனிகோடாக மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கள் மலரையும் அச்சகோதரர் ஒரே மாலையில் மாற்றிவிட்டார். சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. ஒரு மூத்த சகோதரி பக்கத்தில் அமர்ந்து திருத்திக் கொடுத்தார்.

இரண்டாவது, முதியோரின் சாட்சிகளை எழுதிவையுங்கள். தட்டச்சு தெரியாதது தடையல்ல. கூகுள் நிறுவனம் 2017இல் தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. பாட்டி பேசட்டும், கைபேசி எழுதட்டும், பேரன் பிழை திருத்தட்டும். அந்தத் திருத்தத்திலேயே அவன் தமிழ் வாசிக்கவும் கற்றுக்கொள்வான்.

மூன்றாவது, எழுதியதை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒரு பிரதியை அச்சிட்டுச் சபையின் பெட்டியில் பூட்டுங்கள். ஒருவர் இரகசியமாய்ச் சொன்ன ஜெபவிண்ணப்பத்தையோ விசுவாசிகளின் முகவரியையோ பொதுவெளியில் போடாதிருங்கள். மேய்ப்பனிடம் சொல்லப்பட்டது மேய்ப்பனிடமே இருக்கவேண்டும்.

எரேமியா வாங்கிய நிலத்தில் அன்றைக்கு ஒரு கதிரும் அறுக்கப்படவில்லை. வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் மறுபடியும் வாங்கப்படும் என்ற வாக்குத்தத்தத்தை நம்பி அந்தப் பத்திரம் மண்பாண்டத்துக்குள் காத்திருந்தது. நம் குடியிருப்புகளும் இடிபட்டு எழும்பும் காலம் இது. புதிய கட்டடத்தின் ஏழாம் மாடியில் குடியேறும் பேரப்பிள்ளை, பத்துக்குப் பத்து அறையில் முழங்காற்படியிட்ட தன் பாட்டியின் சாட்சியைத் தமிழில் வாசிக்கக்கடவன். அதற்கான மண்பாண்டத்தை ஆயத்தம்பண்ண கர்த்தர் நமக்கு ஞானத்தையும் கருத்தையும் தந்தருள்வாராக. ஆமென்.