ஸ்லீப் போட்டால் பிழை நீங்காது

இரண்டு த்ரெட்டுகள் ஒன்றையொன்று முந்தும் இடத்தில் ‘ஸ்லீப்’ என்றொரு வரியைச் செருகி, பத்து முறை ஓட்டிப் பார்த்து, “ரேஸ் கண்டிஷன் சரிசெய்யப்பட்டது” என்று ஆய்வறிக்கையில் எழுதும் வழக்கம் கணினியியல் துறைகளில் வேரூன்றிவிட்டது. எழுதும் மாணவரைவிட அதற்குக் கையெழுத்திடும் நெறியாளரே இதில் பெரிய குற்றவாளி.

எல்எல்டிபி டீபக்கரின் மூலநிரலைப் படித்தவர்களுக்கு இந்தத் தீர்வு எவ்வளவு மலிவானது என்பது விளங்கும். பயனர் ‘கன்டினியூ’ என்று கட்டளையிடுகிறார்; நிறுத்திவைக்கப்பட்டிருந்த நிரல் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. அக்கணம் முதல் விசைப்பலகையில் தட்டப்படுவதெல்லாம் அந்த நிரலுக்கே சேர வேண்டும். ஆனால் உள்ளீட்டை நிரலின் பக்கம் திருப்பிவிடும் பொறுப்பு கட்டளையை ஏற்ற த்ரெட்டிடம் இல்லை. நிரலின் நிலைமாற்றங்களைக் கவனிக்கும் வேறொரு த்ரெட்டிடம் இருக்கிறது. அது திருப்பிவிடுவதற்குள் முதல் த்ரெட் தன் வேலை முடிந்ததென்று திரும்பிவந்து, டீபக்கரின் ப்ராம்ப்டைத் திரையில் காட்டிவிடலாம். அந்த இடைவெளியில் பயனர் தம் நிரலுக்காகத் தட்டிய ‘க்யூ’ என்ற ஓரெழுத்தை, வெளியேறும் கட்டளையாக டீபக்கர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

இதைத் தீர்த்த முறை கவனிக்கத்தக்கது. நிரலை ஓடவிடுவதற்கு முன்பே, உள்ளீட்டுக் கையாளிக்குரிய எண் குறித்துக்கொள்ளப்படுகிறது. ஓடவிட்ட பின், அந்த எண் மாறும்வரை கட்டளை த்ரெட் காத்திருக்கிறது. மாறிய உடனே திரும்புகிறது. ‘முன்பே’ என்ற சொல்லில்தான் முழு உழைப்பும் அடங்கியிருக்கிறது. ஓடவிட்ட பிறகு எண்ணைக் குறித்தால், மற்ற த்ரெட் அதற்குள் அதை மாற்றியிருக்கலாம். இனி வராத மாற்றத்துக்காகக் காத்துக்கிடக்க நேரும். காத்திருப்புக்குச் சில நொடிகள் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு கடந்தால் பழைய ஆபத்து திரும்பிவிடும் என்பதும் மெய்யே. அதனால் இதுவும் ஸ்லீப்தான் என்று வாதிடுவோர், நிகழ்வுக்காகக் காத்திருப்பதற்கும் கடிகாரத்தை நம்பிக் கண்மூடுவதற்கும் உள்ள வேறுபாட்டை முதலாண்டுப் பாடத்தில் மீண்டும் படிக்கலாம்.

மூலநிரலின் குறிப்பு இந்த ஏற்பாட்டை ‘இன்டர்லாக்’ என்று அழைக்கிறது. ரயில்வேக்குப் பழகிய சொல் அது. செகந்திராபாத்திலிருந்து போலாரம், மேட்சல் வழியாக வடக்கே செல்லும் தடத்தை அறிந்த ஹைதராபாத் மாணவர்களுக்கு லெவல் கிராசிங் புதிதன்று. இன்டர்லாக் செய்யப்பட்ட கேட்டில், கேட் சாத்திப் பூட்டப்படாதவரை ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது; சிக்னல் கொடுத்துவிட்டால் கேட்டை இயல்பாகத் திறக்கவும் இயலாது. கேட்கீப்பரின் சுறுசுறுப்பை நம்பி அந்த ஏற்பாடு நிற்கவில்லை. இதே தடத்தில், மேட்சலைத் தாண்டிய மாசாயிப்பேட்டையில், 2014 ஜூலை 24 அன்று ஆளில்லாத கிராசிங்கில் பள்ளிப் பேருந்தின் மீது ரயில் மோதியது. கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதியபோது கேட்டும் இருந்தது, கேட்கீப்பரும் இருந்தார். இன்டர்லாக்கிங் மட்டும் இல்லை. குழந்தைகளின் சாவை உவமைக்கு இழுப்பது சிலருக்கு உறுத்தும். உறுத்தட்டும். நாளைய சிக்னல் நிரல்களை எழுதப்போகிறவர்கள் இன்று ஸ்லீப் எழுதிப் பட்டம் வாங்குகிறவர்களே.

“எந்தப் பயனர் அவ்வளவு வேகமாகத் தட்டப்போகிறார்?” என்பது வாய்மொழித் தேர்வுகளில் எழும் அடுத்த சமாதானம். தெராக்-25 கதிர்வீச்சுக் கருவியைக் கையாண்டவர் தட்டினார். 1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில், எக்ஸ் கதிர் என்று தவறாகப் பதிந்ததை எலக்ட்ரான் என்று அவர் திருத்தினார். நாள்தோறும் செய்து பழகிய கை. கருவியின் காந்தங்கள் அமைவதற்குப் பிடிக்கும் எட்டு நொடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டது. மென்பொருள் அதைக் கவனிக்கவில்லை. நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அதே விரைவில் தட்டிப் பழகிய பின்னரே அங்கிருந்தவர்களால் அப்பிழையை மீண்டும் தோற்றுவிக்க முடிந்தது. முந்தைய தெராக்-20இலும் இதே பிழை இருந்தது. வன்பொருள் இன்டர்லாக்குகள் இருந்ததால் அது யாரையும் சுடவில்லை. மெதுவாகத் தட்டும் சோதனையாளர் பத்து முறை அல்ல, பத்தாயிரம் முறை ஓட்டியிருந்தாலும் அது சிக்கியிராது.

ஸ்லீப்புக்கு ஒரு நேர்மையான பயன் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். திருத்தியதாகக் கூறப்படும் நிரலில், உள்ளீட்டைத் திருப்பிவிடும் அந்த மற்றொரு த்ரெட்டில், திருப்பிவிடும் வரிக்குச் சற்று முன்பாக, உச்சவரம்புக்கு உட்பட்டு ஒரு நொடி ஸ்லீப் போட்டு ஓட்டலாம். திருத்தம் மெய்யென்றால் கட்டளை த்ரெட் திரும்புவது ஒரு நொடி தாமதிக்குமே தவிர, ஓரெழுத்தும் தவறான இடத்துக்குப் போகாது. இந்த ஒற்றைச் சோதனையைக் கேட்காமல் ஆய்வேட்டில் கையெழுத்திடும் தேர்வாளர் எதைத் தேர்வு செய்தார் என்பதை அவரே விளக்கட்டும்.