காசு வாங்கினால் கேட்டைச் சாத்து!

விம்பிள்டனில் 1961, 62 இரண்டு வருஷமும் ஆஸ்திரேலியாவின் ராட் லேவர்தான் சாம்பியன். 61 செமி ஃபைனலில் நம்ம ராமநாதன் கிருஷ்ணனை வீட்டுக்கு அனுப்பியவரும் இவரே. ரொக்கப் பரிசு? மூச்! அமெச்சூர் ஆட்டம் சார், காசு வாங்கினால் கௌரவக் குறைச்சல்.

நாலு காசு பார்க்கலாமென்று மனுஷன் புரொஃபஷனலானார். அவ்வளவுதான், ஐந்து வருஷம் போட்டியில் சேர்க்கவே இல்லை! 1968-ல் எல்லோரும் ஆடலாம் என்றார்கள். லேவர் வந்தார், ஜெயித்தார், 2,000 பவுண்டு வாங்கினார். 69-லும் அவரேதான்.

அதே 68-ல் பெண்கள் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்டுதான். சமப் பரிசு வந்தது 2007-ல்!

கிங்குக்குக் குறைத்த 1,250 பவுண்டையாவது கணக்குப் போடலாம். 24-லிருந்து 28 வயது வரை லேவர் ஆடாமல் போன ஆட்டத்துக்கு எந்த ஆபீஸில் அரியர்ஸ் போடுவார்கள்?