பெரும்பணம் வெளியே தெரியட்டும், சிறு நன்கொடையாளர் காக்கப்படட்டும்: தேர்தல் ஆணையத்துக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பின்னலாடை ஜாப் ஒர்க் சிறு உரிமையாளர்கள் சங்கத்தினர்,
அருள்புரம், பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்கள்,
இந்தியத் தேர்தல் ஆணையம், புது தில்லி.
(வழி: மாவட்டத் தேர்தல் அலுவலர், திருப்பூர்)

பொருள்: அரசியல் கட்சி நன்கொடைச் சட்டத்தில் திருத்தம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அருள்புரத்தைச் சுற்றிப் பவர் டேபிள், நிட்டிங், காஜா பட்டன், அயர்னிங் என ஜாப் ஒர்க் செய்து பிழைப்பவர்கள் நாங்கள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியினரும் நன்கொடை கேட்டு வருகிறார்கள். ஒரு கட்சிக்குக் கொடுத்தது இன்னொரு கட்சிக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, பணத்தைக் கொடுத்துவிட்டு ரசீதே வேண்டாம் என்பவர்கள் எங்களில் உண்டு. கணக்கில் வராத பணம் இந்தப் பயத்திலிருந்தும் பிறக்கிறது.

பயத்துக்குக் காரணம் உண்டு. மின் இணைப்பு, ஊராட்சி உரிமம், சாயப்பட்டறை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை என எங்கள் தொழில் அரசு அனுமதிகளை நம்பி நடக்கிறது. பத்து மெஷின் வைத்திருப்பவருக்கு ஒரு வாரம் கரண்ட் இல்லாமல் போனால் டெலிவரி தேதி தவறும். அடுத்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். சனிக்கிழமை சம்பளம் போட முடியாது.

நன்கொடையாளரைக் காப்பதாகச் சொல்லித்தான் 2018 ஜனவரியில், பெயர் வெளியாகாமல் கட்சிகளுக்கு நன்கொடை தரும் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. ஆனால் விற்பனைத் தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் 1 கோடி ரூபாய் பத்திரங்களே. அது எங்களைப் போன்றோருக்கான பாதுகாப்பு அல்ல. வாங்கியவர் விவரம் ஸ்டேட் வங்கியிடம் இருந்தது, வாக்காளருக்குத்தான் தெரியவில்லை. 15.2.2024 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திட்டத்தை ரத்து செய்ததை மனதார வரவேற்கிறோம். ஒருவரின் அரசியல் சார்பு அவரது அந்தரங்க உரிமையில் அடங்கும் என்றும் அதே தீர்ப்பு ஏற்றிருக்கிறது. அந்தப் பகுதி இன்னும் சட்டமாகவில்லை என்பதே எங்கள் குறை.

இன்று 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவரின் பெயர், முழு முகவரி, பான் எண் எல்லாம் படிவம் 24ஏ-வில் கேட்கப்படுகின்றன; கட்சிகள் தரும் அந்த அறிக்கைகள் ஆணையத்தின் இணையதளத்தில் வெளியாகின்றன. தனிநபராக இருந்தால் பெயர், மாவட்டம், தொகை ஆகியவற்றை மட்டும் வெளியிட்டு, மற்ற விவரங்களை ஆணையமும் வருமான வரித்துறையும் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பிரிட்டனில் தனிநபரின் வீட்டு முகவரியை வெளியிடுவதில்லை.

20,000 ரூபாய் வரம்பை 2,000 ஆகக் குறைக்க 2022-இல் ஆணையம் பரிந்துரைத்தது. இப்போதுள்ள படிவத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்தால், ஒரு டெய்லரின் வீட்டுக் கதவு எண்கூட இணையத்துக்கு வந்துவிடும். சிறு தொகையைப் பிரித்துக் காட்டிப் பெரும்பணத்தை மறைக்கும் ஆபத்தை நாங்கள் மறுக்கவில்லை. அதற்குச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் வழி சொல்லியிருக்கிறது: ஒரு கட்சியின் சிறு நன்கொடைகள் மொத்தம் 20 கோடி ரூபாயையோ, மொத்த நன்கொடையில் 20 சதவீதத்தையோ தாண்டினால் அவற்றின் விவரத்தையும் கட்சி தர வேண்டும். இதையே சட்டமாக்கக் கோருகிறோம்.

கம்பெனிகளுக்கு இந்தச் சலுகை எதுவும் வேண்டாம். கம்பெனி கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பெயரோடு வெளிவர வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்று தீர்ப்பால் மீண்ட உச்சவரம்பை மறுபடி நீக்கக் கூடாது. வாக்களித்துப் பல மாதம் கழித்து வரும் நன்கொடைக் கணக்கால் வாக்காளருக்குப் பயனில்லை. தேர்தல் காலத்தில் அதை வாரந்தோறும் வெளியிட வேண்டும்.

நன்கொடை கொடுத்ததற்காகவோ மறுத்ததற்காகவோ மிரட்டுவதையும், அனுமதியை நிறுத்துவதையும் தனிக் குற்றமாக்கப் பரிந்துரைக்க வேண்டும். புகாரை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் நேரில் தர வழி செய்து, புகார்தாரர் பெயரை அவர் ரகசியமாக வைத்து, 30 நாளில் எழுத்துமூலம் பதில் தர வேண்டும்.

படிவ மாற்றம் குறித்து மத்தியச் சட்ட அமைச்சகத்துக்கு எழுதுவதற்கு முன், திருப்பூரில் சிறு தொழில் செய்வோரை அழைத்துக் கருத்துக் கேட்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
அருள்புரம்.