கேட்டைத் திறக்க இறங்கும் அரை நிமிஷம்

புதுக் கார் வாங்கினால் நம் ஜனங்கள் முதலில் என்ன செய்வார்கள்? மாலை போடுவார்கள். கற்பூரம் காட்டுவார்கள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு காரைக் கிளப்புவார்கள்.

2025 செப்டம்பர் மாதம் டில்லியில் ஒரு பெண்மணி இப்படித்தான் செய்தார். நிர்மாண் விகார் என்ற இடத்தில் உள்ள கார்க் கடை. கார் நின்றதோ முதல் மாடியில்! பழம் நசுங்க வேண்டுமானால் கார் ஒரு சாண் நகர்ந்தால் போதும். ஆனால் அவருடைய கால் ஆக்ஸிலரேட்டரைப் பலமாக அழுத்திவிட்டது. கார் பாய்ந்தது. கண்ணாடிச் சுவர் நொறுங்கியது. கார் கீழே தெருவில் போய் விழுந்தது. நல்ல வேளை, காற்றுப் பைகள் விரிந்தன. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள்.

ஊரெல்லாம் சிரித்தது. அந்தப் படம் செல்போனுக்குச் செல்போன் பறந்தது. "பொம்பளை கையில் காரைக் கொடுத்தால் இப்படித்தான்" என்று கேலி செய்தவர்களும் உண்டு.

நான் சிரிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு சினிமா நடிகரின் கதையைக் கேளுங்கள்.

சொந்தக் காரே எமன்

அமெரிக்காவில் ஆன்டன் யெல்சின் என்று ஒரு நடிகர் இருந்தார். ரஷ்யாவில் பிறந்தவர். "ஸ்டார் டிரெக்" படங்களில் விண்வெளிக் கப்பலுக்கு வழி காட்டும் இளைஞனாக நடித்துப் பேர் வாங்கியவர். வயது 27.

அவருடைய வீடு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மேடான இடத்தில் இருந்தது. வாசலுக்குச் செல்லும் பாதை செங்குத்தான சரிவு. 2016 ஜூன் 19-ந் தேதி. அவர் காரை விட்டு இறங்கினார். கார் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தார். அது நிற்கவில்லை. சரிவில் பின்னோக்கி உருண்டு வந்தது. வாசலில் இருந்த செங்கல் தூணோடும் வேலியோடும் சேர்த்து அவரை நசுக்கியது. ஒத்திகைக்கு வராத ஆளைத் தேடிக்கொண்டு நண்பர்கள் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. காரின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது.

அது ஜீப் கம்பெனியின் "கிராண்ட் செரோக்கி" கார். 2015-ம் வருஷத்து மாடல். கிளட்ச் இல்லாமல் தானாகவே கியர் மாறும் வகை. இந்தக் காரைப் பற்றி ஏற்கனவே புகார் இருந்தது. "பார்க்கில் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். கார் நகர்ந்துவிட்டது" என்று பலர் எழுதியிருந்தார்கள். நெடுஞ்சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு இலாகா 2015-லேயே விசாரணையை ஆரம்பித்துவிட்டது. 2016 ஏப்ரலில் பியட் கிரைஸ்லர் கம்பெனி, இதே மாதிரி கியர் உள்ள சுமார் 11 லட்சம் கார்களைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தது. அந்த நடிகரின் காரும் அதில் சேர்ந்ததுதான். திருத்தம் தயாராகிக் காருக்குள் ஏறுவதற்குள் ஜூன் மாதம் வந்துவிட்டது.

பழுது இல்லை, ஆனால் குற்றம் உண்டு

இதில் ஒரு வேடிக்கை. கார்களைச் சோதித்துப் பார்த்தார்கள். கியரில் எந்தப் பழுதும் இல்லை! டிரைவர்கள்தான் "பார்க்"கில் போடாமல் இறங்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. அப்படியானால் தப்பு ஆளின் மேலா, கருவியின் மேலா?

இதைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டு ஸ்விட்சைப் பாருங்கள். விளக்கு ஸ்விட்சைக் கீழே தட்டினால் கீழேயே இருக்கும். மேலே தள்ளினால் மேலேயே இருக்கும். இருட்டில் தடவிப் பார்த்தாலும் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாசலில் உள்ள அழைப்பு மணிப் பொத்தான் அப்படி அல்ல. அழுத்தினால் உள்ளே போகும். விரலை எடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். உள்ளே மணி அடித்ததா, இல்லையா? பொத்தான் சொல்லாது. கரண்ட் இல்லாத நேரத்தில் பொத்தானை அழுத்திவிட்டு வாசலில் காத்து நின்ற அனுபவம் எல்லோருக்கும் இருக்கும்.

பழைய கியர் லீவர், விளக்கு ஸ்விட்ச் மாதிரி. "பி", "ஆர்", "என்", "டி" என்ற எழுத்துக்கள் வரிசையாக இருக்கும். "பி" என்றால் பார்க், அதாவது காரைப் பூட்டி நிறுத்துவது. "ஆர்" என்றால் ரிவர்ஸ். "என்" நியூட்ரல். "டி" முன்னே செல்ல. லீவரைக் கடைசி வரை முன்னால் தள்ளினால் "பி". அது அங்கேயே நிற்கும். கண்ணால் பார்க்கவே வேண்டாம், கைக்கே தெரியும்.

அந்த ஜீப் காரின் லீவர், அழைப்பு மணி மாதிரி. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஸ்பிரிங் போல நடுவுக்கே திரும்பிவிடும். எந்தக் கியரில் இருக்கிறது என்பதை ஒரு சின்ன எழுத்து மட்டும் விளக்கு எரிந்து காட்டும். அவசரத்தில் கை முழுதும் தள்ளாமல் விட்டால் "பி"க்குப் பதில் "ஆர்" அல்லது "என்" விழும். கைக்கு வித்தியாசமே தெரியாது. கதவைத் திறந்தால் மணி ஒலிக்கும், எச்சரிக்கை எழுத்தும் வரும். ஆனால் இன்றையக் காரில் எதற்குத்தான் மணி ஒலிக்கவில்லை? பெல்ட்டுக்கு ஒரு மணி, கதவுக்கு ஒரு மணி!

கம்பெனி கடைசியில் செய்த திருத்தம் என்ன தெரியுமா? டிரைவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கதவைத் திறந்தால் கார் தானாகவே "பார்க்"குக்குப் போய்விடும்படி செய்தார்கள். அதற்குப் பிந்திய மாடல்களில் பழைய மாதிரி லீவருக்கே திரும்பிவிட்டார்கள். ஆளின் மேல்தான் தப்பு என்றால் கருவியை ஏன் மாற்ற வேண்டும்? எனக்குத் தோன்றுவது இதுதான்: ஆயிரம் பேர் ஒரே தப்பைச் செய்தால் அது ஆயிரம் பேரின் தப்பு அல்ல, கருவியின் தப்பு.

பழைய வழக்கு

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. தானாகக் கியர் மாறும் கார், "ஹைட்ராமேட்டிக்" என்ற பெயரில், 1940-ம் வருஷத்து மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதில் "பார்க்" என்ற இடமே கிடையாது! பிறகு "பார்க்" வந்தது. ஆனால் எழுத்துக்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருந்தது. சில கார்களில் முன்னே போகும் கியரை ஒட்டியே ரிவர்ஸ் இருந்தது. கை கொஞ்சம் வழுக்கினால் முன்னே போக வேண்டிய கார் பின்னே போகும். ரால்ப் நாடர் என்ற வக்கீல் 1965-ல் எழுதிய புத்தகத்தில் இதையும் வெளுத்து வாங்கினார். முன்னே செல்லும் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே தீர வேண்டும் என்று 1968-ல் அமெரிக்காவில் விதி வந்தது. இன்று எந்த ஊர்க் காரிலும் நாம் பார்க்கும் "பி, ஆர், என், டி" வரிசை நிலைத்தது அப்படித்தான்.

இன்னொரு கதை. போர்டு கார்கள் "பார்க்"கிலிருந்து தானே நழுவி ரிவர்ஸுக்குப் போகின்றன என்று 1970-களில் புகார்கள் குவிந்தன. கம்பெனி குறை இல்லை என்றது. 1980-ல் அரசாங்கத்தோடு ஒரு சமரசம் ஏற்பட்டது. என்ன சமரசம்? சுமார் 2 கோடியே 30 லட்சம் கார்களுக்கு ஆளுக்கொரு ஒட்டுச் சீட்டு! "பார்க்கில் போடு, கைப் பிரேக்கை இழு, இஞ்சினை நிறுத்து" என்பதுதான் அதில் எழுதியிருந்ததன் சாரம். சொன்னது நல்ல புத்திதான். ஆனால் காகிதச் சீட்டு சக்கரத்தைப் பிடித்து நிறுத்துமா?

பிரேக்கை மிதிக்காமல் "பி"யை விட்டு லீவர் நகரவே கூடாது என்ற விதி 2010 செப்டம்பருக்குப் பிறகு செய்யப்பட்ட கார்களுக்கு அங்கே கட்டாயமானது. அதற்கு வழி செய்தது 2008-ல் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம். 2002-ல் தகப்பனார் பின்னோக்கி எடுத்த வண்டியில் சிக்கி இறந்துபோன இரண்டு வயதுப் பிள்ளையின் பெயரை அந்தச் சட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம்

கிளட்ச் இல்லாத கார் நம் நாட்டில் வெகு காலம் பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்தது. 2014-ல் மாருதி கம்பெனி "செலரியோ" காரைக் கொண்டுவந்தது. சாதாரணக் கியர் பெட்டியையே வைத்துக்கொண்டு, கிளட்ச் மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஒரு இயந்திரத்திடம் விட்டார்கள். இதை "ஏ.எம்.டி." என்கிறார்கள். விலை அதிகம் ஏறவில்லை. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. இன்று நடுத்தரக் குடும்பத்துக் கார்களிலும் இது சகஜம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பெரும்பாலான "ஏ.எம்.டி." கார்களில் "பி" என்ற எழுத்தே கிடையாது. "ஆர்", "என்", "டி" மட்டும்தான். அந்தக் காரை நிற்க வைப்பது கைப் பிரேக்தான். நியூட்ரல் என்பது நிறுத்தம் அல்ல. இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவை அறுத்துவிடுவதுதான் நியூட்ரல். சரிவில் அந்தக் கார் வெறும் மாட்டு வண்டி!

நம் லைசென்ஸில் கிளட்ச் உள்ள கார், இல்லாத கார் என்ற பேதம் கிடையாது. கிளட்ச் காரில் பழகி லைசென்ஸ் வாங்கியவர் மறுநாளே மற்றதை ஓட்டலாம். கார்க் கடையில் சாவி கொடுக்கும்போது பாட்டுப் பெட்டியைக் காட்டுகிறார்கள், செல்போனை இணைத்துக் காட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். சரிவில் எப்படி நிறுத்துவது என்று எத்தனை பேர் காட்டுகிறார்கள்?

எனக்கு யாரும் காட்டவில்லை. சென்ற வருஷம் அத்தானின் புதுக் காரை எடுத்துக்கொண்டு அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தேன். வீட்டு வாசல் ஏற்றம். கேட் மூடியிருந்தது. "பி"யைத் தேடினேன், இல்லை. "என்"னில் தள்ளினேன். வாசல் மேட்டின் ஓரத்தில் கார் ஒரு கணம் நின்றது. அதை நம்பி இறங்கிக் கேட்டுத் தாழ்ப்பாளில் கை வைத்தேன். "தம்பி!" என்று அக்கா அலறினாள். திரும்பிப் பார்த்தால் கார் அக்காவையும் ஏற்றிக்கொண்டு பின்னால் தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது! எதிர்வீட்டு வேப்ப மரம் அதை நிறுத்தியது. பின்பக்கம் நசுங்கியதோடு போயிற்று. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடும் நேரம் அது. அன்றைக்கு மழை தூறியதால் அவர்கள் வெளியே வரவில்லை.

அத்தான் கோபிக்கவில்லை. "மாப்பிள்ளை, எனக்கும் இரண்டு தடவை ஆகியிருக்கிறது. வெளியே சொல்லவில்லை" என்றார். டில்லிச் செய்தியைப் படித்து நான் சிரிக்காததற்குக் காரணம் இதுதான்.

எப்படி நிறுத்துவது?

நிபுணர்கள் சொல்லும் வரிசை இது. கார் நின்றதும் வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காதீர்கள். அப்படியே கைப் பிரேக்கைப் போடுங்கள். அதற்குப் பிறகே "பி". பிறகு இஞ்சினை நிறுத்துங்கள். எழுத்தைக் கண்ணால் பார்த்து, காலை மெல்லத் தளர்த்தி, கார் அசையவில்லை என்று தெரிந்த பிறகு கதவைத் திறங்கள்.

கைப் பிரேக் ஏன் முதலில்? "பி"யில் போட்டால் உள்ளே ஒரு பல்சக்கரத்தில் சிறு இரும்புக் கொண்டி ஒன்று விழுகிறது. கதவுக்குக் கொண்டி போடுவது மாதிரிதான். சரிவில் காரின் கனம் முழுவதையும் அந்தச் சின்னக் கொண்டி தாங்க வேண்டுமா? கைப் பிரேக் முதலில் பிடித்துக்கொண்டால் கனம் அதன்மேல் இறங்கும். சரிவில் நிறுத்திய காரை "பி"யிலிருந்து எடுக்கும்போது "டக்" என்று பெரிய சத்தம் கேட்டால், கொண்டி சுமந்திருக்கிறது என்று அர்த்தம்.

"பி" இல்லாத காரில் கைப் பிரேக்கைப் போட்டு, கியரிலேயே விட்டு இஞ்சினை நிறுத்தும் வழக்கம் உண்டு. உங்கள் காருக்கு எது சரி என்பது காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். சில கார்களில் கைப் பிரேக்கே ஒரு சின்ன ஸ்விட்சாக வந்துவிட்டது. சாதாரணமாக மேலே இழுத்தால் பிடிக்கும், கீழே அழுத்தினால் விடும்.

சாவி போட்டுத் திருப்பிய காலத்தில் ஒரு காவல் இருந்தது. பல ஆட்டோமேட்டிக் கார்களில் "பி"யில் போடாவிட்டால் சாவி வெளியே வராது. இப்போது சாவி சட்டைப் பையிலேயே இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் இஞ்சின் ஓடுகிறது. பொத்தானை மறந்து இறங்கிப் போகிறவர்களும் உண்டு. புதிய இஞ்சின்கள் அவ்வளவு சத்தம் போடுவதில்லை அல்லவா?

ஓட்டும்போது இடது காலுக்கு வேலை இல்லை. அதை ஓரமாக வைத்துவிடுங்கள். பழக்கத்தில் கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தால், பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டுக்கும் வலது கால் ஒன்றுதான். "டி"யில் போட்டுப் பிரேக்கை விட்டாலே பெரும்பாலான கார்கள் தாமாக ஊர்ந்து போகும். எலுமிச்சம்பழத்துக்கு அந்த ஊர்தலே தாராளம்! முன்னே போகிற கார் முழுதும் நின்ற பிறகுதான் ரிவர்ஸ்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். சாலையின் இடது ஓரம் நிறுத்தும்போது இறக்கம் நோக்கி நின்றால் முன் சக்கரங்களை இடது பக்கம், நடைமேடைக் கல்லைப் பார்த்துத் திருப்புங்கள். ஏற்றம் நோக்கி நின்று, ஓரத்தில் கல்லும் இருந்தால் வலது பக்கம் திருப்புங்கள். கார் நழுவினாலும் டயர் கல்லில் முட்டி நிற்கும். ஏற்றத்தில் ஓரக் கல் இல்லாத இடத்தில் இடது பக்கமே திருப்புங்கள். ஆனால் அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு இருக்கிற இடத்தில் காரையே நிறுத்தாதீர்கள். லாரிக்காரர்கள் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்கள் மலையை அறிந்தவர்கள்.

நிற்கும் காருக்குள் குழந்தையை மட்டும் விட்டுப் போகவும் கூடாது. "பி"யிலிருந்து எடுக்கப் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்ற பூட்டு கியருக்குத்தான். கையால் இழுக்கும் பிரேக்கை விடுவிக்க ஐந்து வயதுப் பையனின் பலம் போதும்.

அக்கா வீட்டுக் கேட்டை இப்போது டிரைவர் இறங்கித் திறப்பதில்லை. காரில் இன்னொருவர் இருந்தால் அவர் இறங்குகிறார். அத்தான் தனியாக வந்தால், தெருவிலேயே சமதரையில் நிறுத்தி, இஞ்சினையும் அணைத்துவிட்டு நடந்து போய்த் திறக்கிறார். கேட் ஓரமாக இரண்டு செங்கல் கிடக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் "கட்டட வேலை ஏதாவது நடக்கிறதா?" என்று கேட்கிறார்கள்.