ஈரத்தை அளக்கும் இரு வெப்பமானிகள்



லுஹர் தொழுகைக்கு ஒளூச் செய்துவிட்டுக் காற்றில் நின்றிருப்பீர்கள். கோடையில் முகம் சில்லென்று குளிர்ந்து விரைவில் உலரும். மழைக்காலத்திலோ ஈரம் நெடுநேரம் தங்கும்; அக்குளிர்ச்சியும் இராது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் முன்பே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாவது குறைகிறது. காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியொன்று இந்த எளிய உண்மையின் மீதே அமைந்துள்ளது.

நம் தருமபுரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்பு மனைகளில் அதனைக் காணலாம். ஒரு பலகையில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் வறண்டிருக்கும். மற்றொன்றின் குமிழை, கிண்ணத்து நீரில் தோய்ந்த மெல்லிய துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு மிகுந்தால் காற்று வறண்டது; குறைந்தால் ஈரமானது. வறண்டது 28 பாகையும் ஈரமானது 25 பாகையும் காட்டினால், ஈரப்பதம் ஏறத்தாழ 78 விழுக்காடு என அட்டவணை கூறும். இளம்புழுவுக்கு 80 முதல் 85 விழுக்காடு வேண்டும். முதிர்ந்த புழுவுக்கு 70 போதும். வறட்சி மிகுந்தால் மல்பெரி இலை வாடிப் புழு பட்டினி கிடக்கும். ஈரம் மிகுந்தால் பூஞ்சை நோய் தாக்கும்.

ஒரு கோடையில், பாலக்கோட்டை அடுத்த சிற்றூரில் என் மாணவன் ஒருவனின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவன் தாயார், "ஹஜ்ரத், இரண்டும் ஒரே அளவு காட்டுகிறது. ஈரம் அதிகமென்று சன்னல்களையெல்லாம் திறந்து வைத்தேன், இலையோ சருகாகிறது" என்று கலங்கினார். அந்தக் கூடுகளைத் தருமபுரி அங்காடியில் விற்றுத்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டும்.

கருவியைப் பார்த்தேன். கிண்ணத்தில் நீரே இல்லை. உலர்ந்த துணி குமிழைக் குளிர்விப்பது எங்ஙனம்? கடும் வறட்சியை நிறைந்த ஈரமென்று எண்ணி அவர் ஏமாந்திருந்தார். நீர் ஊற்றிச் சற்றுப் பொறுத்தபின் 34-ம் 24-ம் காட்டிற்று. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கும் கீழ்! உடனே சன்னல்களில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டோம். சில தட்டுப் புழுக்கள் மாண்டன. எஞ்சியவை கூடு கட்டின. கட்டணத்தில் பாதியேனும் தேறியது.

புழு வளர்க்கும் சகோதர, சகோதரிகளே! கிண்ணத்தில் உப்பு நீர் ஊற்றாதீர்கள்; துணியில் உப்புப் படிந்து நீர் ஏறாது. காய்ச்சி வடித்த நீரே நன்று. அழுக்கேறிய துணியை மாற்றுங்கள். நாள்தோறும் துணியைத் தொட்டு, ஈரமுண்டா என்று பார்த்த பிறகே அளவைப் படியுங்கள்.